பதினேழு புலி உறைகள்

நான் முத்திரை சேர்க்கத் தொடங்கியது ஐம்பதாவது வயதில், 1984ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். படம் வரைவது என் வேலை. காணிகளின் எல்லைக்கோடுகளை மையால் இழுத்து, பரப்பு, குழிக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்புவேன். நில அளவைக் கந்தோரில் என் எதிர் மேசையில் இருந்தவர் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு தலைமை எழுதுவினைஞர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பன்னிரண்டு வருடம் ஒரே மேசை விளக்கின் கீழே இருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் கடிதம் வராத வீடு குறைவு. ஒருவருக்கு மகன் ஜேர்மனியில், ஒருவருக்கு மருமகன் நோர்வேயில். கந்தோர் முகவரிக்கும் கடிதங்கள் வரும். வாசித்து முடித்ததும் உறைகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்கள். அவர் எழும்பிப் போய்க் கூடையைக் கிளறி அவற்றை எடுத்துவருவார். நான் பல நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறீர் ஐசே? நீரும் வாரும். உம்மடை கை நடுங்காத கை. இந்த வேலைக்கு உம்மைப்போல ஆள்தான் வேணும்."

"இந்த வயதிலையோ?"

"பின்னை எந்த வயதிலை? பெடியள் சேர்த்தால் பசை பூசி ஒட்டி நாசமாக்கிப்போடுவாங்கள்."

அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதினேன்: "முத்திரை, ஒன்பது. நாடுகள், நான்கு."

எனக்குப் பிடித்தது முத்திரைகளின் படமல்ல, அவற்றை மதிப்பிடுகிற முறை. அவர் சொன்னதை எல்லாம் எழுதிவைத்தேன். முத்திரையை விரலால் தொடக்கூடாது, சாமணத்தால் பிடிக்க வேண்டும். தாளில் ஒட்டியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்ற பின் வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து உலரவிட வேண்டும். பிறகு ஓரத்துப் பற்களை எண்ண வேண்டும். இரண்டு சென்ரிமீற்றருக்கு எத்தனை பல் என்பதுதான் கணக்கு. ஒரே படம், ஒரே நிறம், ஆனால் ஒரு பல் கூடினால் அது வேறு அச்சடிப்பு, வேறு மதிப்பு. அதற்குரிய அளவுகோல் இங்கே கிடைக்கவில்லை. நானே படவரைதாளில் மிக மெல்லிய பேனாவால் ஒன்று வரைந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "ஐசே, இதை லண்டனுக்கு அனுப்பினால் அவங்களே வாங்குவாங்கள்" என்றார்.

நீர்க்குறி பார்க்க, ஒரு கறுப்பு பேக்கலைட் மூடியில் முத்திரையைக் கவிழ்த்துவைத்து, சிகரெட் லைட்டருக்கு விடுகிற பெற்றோலில் ஒரு துளி விடுவோம். தாளுக்குள்ளிருந்து கிரீடம் கறுப்பாக எழும்பிவரும். அது ஆவியாகிப் போவதற்குள் பார்த்து எழுதிவிட வேண்டும். அல்பத்தில் பிடித்துவைக்கத் தேவையான மெல்லிய பசைத்தாளுக்கு, தபால் கந்தோரில் முழுத் தாளாக விற்கிற முத்திரைகளின் வெறும் ஓரத்தை வாங்கி வெட்டிக்கொள்வோம்.

இன்னும் இரண்டு விதிகள் சொன்னார். அவற்றை அடிக்கோடிட்டு வைத்தேன். முதலாவது: பழைய கடித உறை முழுதாகக் கிடைத்தால் முத்திரையைக் கழற்றாதே. உறை, முகவரி, தபால் சீல் எல்லாம் சேர்ந்ததுதான் பெறுமதி. இரண்டாவது: சீலில் ஊரின் பெயரை வாசி. "பெரிய ஊர்ச் சீல் எல்லாரிட்டையும் கிடக்கும் ஐசே. சின்ன ஊர்த் தபால் கந்தோர்ச் சீல்தான் தேடினாலும் கிடையாது."

விலை பார்க்க அவரிடம் இங்கிலாந்தில் அச்சான பழைய விலைப்பட்டியல் ஒன்று இருந்தது. செங்கல் அளவு தடிப்பு. அதை அவர் தன் பக்கத்திலேயே வைத்திருப்பார். நான் பல்லையும் நீர்க்குறியையும் சொல்ல, அவர் பக்கத்தைப் புரட்டி வாசிப்பார். எங்களுக்குள் வேலை அப்படிப் பிரிந்திருந்தது. புத்தகத்தை என் பக்கம் திருப்பச் சொல்லி நான் ஒருநாளும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டுந்தான். நான் கல்யாணம் செய்யவில்லை. அப்பா மலாயாவில், பேராக் பகுதியில் ஒரு சின்னப் புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். கல்யாணம் முடித்து நான்கு மாதம் உரும்பிராயில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒருமுறை லீவில் வந்தார். நான் பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு காய்ச்சல் என்று ஒரு தந்தி வந்தது. அதற்கு அடுத்த தந்தி வந்தபோது அம்மாவுக்கு இருபது வயது.

அப்பாவுக்கு ஒரு படமும் இல்லை. அம்மாவிடம் இருந்தவை பதினேழு கடிதங்கள். அவை ஒரு தகர விசுக்கோத்துப் பேணியில், பேணி றங்குப்பெட்டிக்குள். வருடத்தில் ஒரு நாள்தான் அது வெளியே வரும். ஆடி அமாவாசையன்று நான் விரதம் இருந்து கீரிமலைக்குப் போய் முழுகி வருவேன். அம்மா காத்தோட்டிக்காய்க் கறியும் மற்றவையும் சமைத்து வாழையிலையில் படைப்பார். மற்ற வீடுகளில் தகப்பனின் படம் வைக்கிற இடத்தில், எங்கள் வீட்டில் அந்தப் பதினேழு உறைகளும் விசிறிபோல் பரப்பி வைக்கப்படும். உள்ளே இருக்கிற கடிதங்களை அம்மா எனக்கு வாசிக்கத் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அப்பா என்றால் அந்த உறைகளின்மேல் வலப்பக்கம் சாய்ந்து போகிற ஆங்கில எழுத்துத்தான். முகவரிக்குக் கீழே, தமிழில், அம்மாவின் பெயர் மட்டும் தனியாக ஒருமுறை எழுதியிருக்கும். தபால்காரனுக்கு அது தேவையில்லை.

1986இல் அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்தது. றங்குப்பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பை என்னிடம் தந்தார். நான் அதைக் கந்தோர் லாச்சித் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு உறையைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மலாயாவின் அந்தக் கால முத்திரை அது. பற்றைக்குள்ளிருந்து ஒரு புலி முன்னால் பாய்ந்து வருகிற படம். அவர் கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் கிடக்கே?"

"பதினேழு. எல்லாம் புலிதான்."

"சாதாரணம் ஐசே. மலாயாப் பென்சன்காரர் வீடுகளிலை உது குப்பையாக் கிடக்கு."

"விலை பாக்கேலாதோ?"

"மலாயாப் பக்கத்தைக் கறையான் திண்டுபோட்டுது. இருந்தாலும் என்ன, பெரிசாய் ஒண்டும் வராது."

அன்றைய குறிப்பில் நான் எழுதியது இது: "அப்பாவின் உறை காட்டினேன். சாதாரணம் என்றார். உறையை இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையால் பிடித்துத் திருப்பித் தந்தார்." எழுதியதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. சாதாரண உறைகளை அவர் அப்படிப் பிடிப்பதில்லை. மேசையில் எறிவார். சின்ன ஊர்ச் சீலைப் பற்றி அவரே சொன்ன விதியும் என் குறிப்பில் அடிக்கோடோடு கிடந்தது. அப்பா இருந்த நிலையத்தின் பெயர் அங்கே இருப்பவர்களுக்கே தெரிந்திருக்குமோ தெரியாது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

1988 தொடக்கத்தில் இந்திய இராணுவம் வீடு வீடாகச் சோதனை செய்துகொண்டிருந்தது. சனங்கள் பழைய நோட்டீசுகள், படங்கள், கொப்பிகள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐசே, உம்மடை வீட்டிலை பதினேழு புலி கிடக்கெல்லோ?"

நான் சிரித்தேன்.

"சிரியாதையும். அவன் வந்து பெட்டியைக் கிளறுவான். பாயிற புலியைக் காண்பான். ஒண்டில்லை, பதினேழு. இது மலாயா, அப்பரின்ரை கடிதம் எண்டு நீர் சொல்லுவீர். எந்தப் பாசையிலை சொல்லுவீர்?"

"அம்பது வருசத்துக்கு முந்தின திகதி கிடக்குத்தானே."

"அவன் திகதி பாப்பானோ, புலி பாப்பானோ? கண் தெரியாத மனிசியை வீட்டிலை வைச்சுக்கொண்டு நீர் விளையாடுறீர்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னை அசைத்தது. எரிக்க என்னால் முடியாது என்று சொன்னேன். எரிக்கச் சொல்லவில்லை என்றார். பண்டத்தரிப்பில் இரண்டு தரம் தேடி முடித்துவிட்டார்கள், இனி எங்கள் பக்கந்தான், தன் வீட்டு மாட்டுக்கொட்டிலின் வளைமரத்துக்குள் ஒரு பொந்து இருக்கிறது, நிலைமை ஆறும் மட்டும் அங்கே வைக்கலாம் என்றார்.

"வழியிலை ஆமி சென்றி கிடக்கே?"

"சாப்பாட்டுக் கரியருக்கு அடியிலை வைச்சுக் கொண்டுபோவன். உமக்காக இதுகூடச் செய்யாட்டில் நான் என்ன மனிசன்?"

மறுநாள் காலையில் அம்மா கிணற்றடியில் நின்றபோது பெட்டியைத் திறந்தேன். கடிதங்களை வாசிக்காமல் உருவி, வந்த ஒழுங்கிலேயே பேணிக்குள் திருப்பி வைத்தேன். உறைகளை எண்ணி, இடையிடையே மெல்லிய தாள் வைத்து, படவரைதாளில் சுற்றி, அன்றே கந்தோரில் அவரிடம் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பார் என்று தெரியும். உறையின்றிக் கழன்று கிடந்த புலி முத்திரை ஒன்று என் அல்பத்தில் முன்னமே இருந்தது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதன்மேல் சன்சிபார் நாட்டின் பெரிய முத்திரை ஒன்றைக் கதவுபோல் ஒட்டி மறைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் கந்தோருக்கு முகம் வாடி வந்தார்.

"ஐசே, என்னை மன்னியும். விடியப்புறம் றோட்டிலை சத்தம். வாறாங்கள் எண்டு மனிசி கத்துறா. பொந்திலையிருந்து எடுத்து அடுப்பிலை போட்டிட்டன்."

"எல்லாமோ?"

"எல்லாம். கையும் சுட்டுப்போச்சு."

வலக்கைப் பெருவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. நான் அவரைத் தேற்றினேன். எங்களுக்காக ஆபத்தை ஏற்றவர் என்று நாட்குறிப்பில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இன்றும் கிழிக்கவில்லை.

சித்திரையில் எங்கள் ஒழுங்கைக்கும் சோதனை வந்தது. வீட்டுக்குள் வந்த இருவரில் ஒருவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ்நாட்டுப் பையன். மேசையில் அல்பத்தைக் கண்டு உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். சன்சிபார் முத்திரை சற்றுத் தடித்து நிற்பதைக் கண்டு நகத்தால் தூக்கினான்.

"புலி!" என்றான். பிறகு சிரித்தான். "இது மலாயாப் புலிதானே சார்? எங்க தாத்தா ஈப்போவுல இருந்தாரு. எங்க வீட்டு டப்பாவுல கூட ஒண்ணு ரெண்டு கெடக்கு. எதுக்கு சார் இத ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

நான் சன்சிபார் முத்திரையை மெல்லப் பழையபடி படியவைத்தேன்.

"அழகா வச்சிருக்கீங்க சார்" என்று சொல்லி அல்பத்தை மூடி, நேராக வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் கந்தோரில் இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். "தெரிஞ்சவன் ஒருத்தன் வந்தது உம்மடை அதிர்ஷ்டம். எனக்கு அப்பிடி வரேல்லை." அவருக்காக மேலும் வருந்தினேன். வீணாக எரிக்க நேர்ந்ததே என்று அவர் மனம் எவ்வளவு பாடுபடும் என்று நினைத்தேன்.

ஆடி அமாவாசையன்று நான் முழுகி வந்தபோது அம்மா பேணியைக் கேட்டார். திறந்து கொடுத்தேன். கையை உள்ளே விட்டுத் தடவினார். தாள்கள்தான் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன்: புலி, சோதனை, அவர், அடுப்பு.

அம்மா பேணியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைக்குக் கை சுட்டதெண்டு சொன்னனீ. புண் மாறிப்போச்சோ?"

"ஓம் அம்மா."

"சரி. கடிதம் கிடக்குத்தானே."

அந்த வருடம் இலையின் முன்னால் மடித்த கடிதங்களை வைத்தார். எழுத்து உட்புறமாக மடிந்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருடம் எதிர் மேசைக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். போகிற கிழமை, அவருடைய மனைவி வீட்டுச் சாமான்களைப் பகிர்ந்து கொடுத்தபோது, எனக்கென்று ஒரு பொதி கட்டி அனுப்பியிருந்தார். அதற்குள் அந்த விலைப்பட்டியல். கணவருக்குத் தெரிந்துதான் வந்ததோ, தெரியாமல் வந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதன்முதலாக அந்தப் புத்தகம் என் பக்கம் திரும்பியிருந்தது. மலாயாவைத் தேடினேன். பக்க எண்கள் தாண்டின. ஆறு தாள் இல்லை. அட்டையிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் கறையான் தொட்ட ஒரு துளைகூட இல்லை. நடுவில், தைத்த இடத்திலிருந்து ஒரு நூல் அகலம் விட்டு, அடிமட்டம் வைத்து பிளேட்டால் வெட்டிய ஓரம் ஆறு முறை. இருபத்தெட்டு வருடம் நேர்கோடு இழுத்தவன் நான். அந்தக் கோட்டை எதனால் இழுத்தது என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நாட்குறிப்புகளை எடுத்துத் தேடினேன். 1985 ஐப்பசியில் ஒரு பதிவு: "மலாயா, பத்துச் சதம், கழன்றது ஒன்று. அவர் பட்டியலில் பார்த்து வாசித்தார்." அப்படியானால் அந்த வருடம் பக்கங்கள் இருந்திருக்கின்றன. நான் உறையைக் காட்டிய பிறகுதான் கறையான் வந்தது.

அப்போதும் அது பொய் என்பது மட்டுந்தான் தெரியும். உறைகள் எரிந்தனவா என்பது தெரியாது. சில நாள்கள் அவர் பக்கமாகவே வாதாடினேன். விலை தெரிந்தால் நான் விற்றுவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கலாம். பிறகு சோதனை உண்மையாகவே வந்திருக்கலாம். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது உண்மைதானே.

1991இல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்து கிழமை எடுத்து வந்திருந்தது. உறையில் நான்கு அழகான பறவை முத்திரைகள், எனக்காகத் தேர்ந்து ஒட்டியவை. சுகம் விசாரித்து, குளிரைப் பற்றி எழுதி, இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "அம்மாவிடம் அந்த மலாயாக் கடிதங்கள் இன்னும் பத்திரமாக இருக்குமென நினைக்கிறேன். உறையும் உள்ளிருந்த கடிதமும் ஒன்றாக இருந்தால்தான் முழுப் பெறுமதி என்கிறார்கள். வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமானால் இருவருக்கும் நல்லது."

மூன்று தரம் வாசித்தேன். அடுப்பில் போட்டதாகச் சொன்னதை அவர் மறந்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் சொன்ன ஒரு பொய்யை நினைவில் வைத்திருக்க அவருக்கு நேரமிருந்திருக்காது. என்னிடம் அது திகதியோடு இருந்தது.

அம்மாவிடம் மறைக்க ஒரு தரம் முயன்று கண்டது போதும் என்று நினைத்தேன். பின்னேரம் அடுப்படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கடிதத்தை முழுதாக வாசித்தேன். வாசித்து முடித்து, "எங்களை ஏமாத்திப்போட்டான் அம்மா. பன்னிரண்டு வருசம் ஒரு மேசையிலை இருந்தவன்" என்றேன். நான் ஒருபோதும் அவரை ஒருமையில் சொன்னதில்லை.

அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நான் அவனைக் கண்டதுமில்லை, அவனட்டை ஒண்டும் குடுத்ததுமில்லை."

"அம்மா..."

"நான் உன்னட்டைத்தானே திறப்பைத் தந்தனான், தம்பி."

அடுத்த நாள் காலையில், என் திறப்பு வளையத்தில் பெட்டித் திறப்பு இருக்கவில்லை. கண் தெரியாத அவர் ஐந்து திறப்புகளுக்குள் அதைத் தடவியே கண்டுபிடித்து, வளையத்தை நெளிக்காமல் கழற்றியிருந்தார். ஆடி அமாவாசைகளில் கடிதங்களை அவரே எடுத்து வைத்து, அவரே எடுத்துப் பூட்டினார். மற்றப்படி என்னோடு எப்போதும்போல் இருந்தார். சாப்பாடு போட்டார், தலையிடி என்றால் தைலம் தடவிவிட்டார்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. முத்திரை சேர்ப்பதையும் விட்டுவிட்டேன். பறவை முத்திரைகள் அதே உறையில் இருந்தபடியே இருந்தன. கழற்றவில்லை.

1995 ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிடம் ஒரு சைக்கிள்தான். எதை எடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு அல்பமும், விலைப்பட்டியலும், நான் வரைந்த பல் அளவுகோலும் மேசையிலேயே கிடக்கட்டும் என்று விட்டேன். நாட்குறிப்புகளில் கைக்கு அகப்பட்ட எட்டை மட்டும் ஒரு சாக்கில் கட்டினேன். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். எண்பத்தொரு வயது, பாரம் குறைவு. மடியில் விசுக்கோத்துப் பேணி.

காலையில் கோப்பாய் வெளிக்கு வந்தபோது சனம் அடைத்துக்கொண்டு நின்றது. ஓரடி வைக்கப் பத்து நிமிடம். மழை தூறத் தொடங்கியது. என் சாக்கின்மேல் ஒரு பொலித்தீன் கட்டியிருந்தேன். அதற்குள் இன்னும் இடம் இருந்தது.

"அம்மா, பேணியைத் தாங்கோ. உள்ளுக்கை வைப்பம். மழை படுது."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் பேணியைச் சுற்றி, இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நனையாது" என்றார். "நீ சைக்கிளைப் பிடி."